தேம்பாவு வளர்ப்பது எப்படி: விதை முதல் தடி வரை

குமரி மாவட்டத்தில் பத்து சென்ட் நிலம் சும்மா கிடந்தாலும் ரப்பர் வைக்கலாமா, மகாகனி வைக்கலாமா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இரண்டும் காசு தரும், அதில் மறுப்பில்லை. ஆனால் நம் மலையடிவாரத்துக்கே சொந்தமான மரம் ஒன்று இருக்கிறது, தடிக்குத் தடி (அறுத்து வேலைக்கு எடுக்கும் மரம்), அழகுக்கு அழகு, வைத்துவிட்டால் பேரன் காலத்துக்கும் நிற்கும். அதைத் தேடி வைக்கிறவர்கள் குறைந்துபோனது எனக்கு நிஜமாகவே வருத்தம். தேம்பாவைத்தான் சொல்கிறேன். கருமருது என்றால் மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கும் புரியும். விளையின், அதாவது தோட்டத்தின், எல்லையில் நாலு மூடு மரம் வைக்க இடம் இருந்தால் போதும், இதைப் படித்துவிட்டு இறங்கலாம்.

முதலில் மரத்தைச் சரியாக அடையாளம் காண வேண்டும், ஏனென்றால் மருது என்று கேட்டால் பாதி இடங்களில் நீர்மருதைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே குடும்பம், நாற்றாக இருக்கும்போது சட்டென்று வித்தியாசம் தெரியாது. வளர்ந்த மரம் என்றால் பட்டையே சொல்லிவிடும். நீர்மருதின் பட்டை வழவழப்பாக, சாம்பலும் வெளிர் ரோஸும் கலந்து, மெல்லிய தகடுகளாக உரியும். தேம்பாவின் பட்டை தடிமனாக, கருஞ்சாம்பல் நிறத்தில், நீளவாக்கிலும் குறுக்காகவும் ஆழமாக வெடித்துச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும், முதலை முதுகு மாதிரி. விரல் நுனியை அந்த வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தால் உள்ளே இறங்கும். மழை பெய்து ஓய்ந்ததும் போய்ப் பாருங்கள், கட்டங்களின் மேல்பகுதி சீக்கிரம் காய்ந்து வெளுத்துவிடும், வெடிப்பு மட்டும் கருப்பாக ஈரத்தோடு நிற்கும், ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தெரியும். அந்த நேரத்தில் பார்த்தால் இதை ஏன் வீட்டு முகப்பில் வைக்கச் சொல்கிறேன் என்பது புரிந்துவிடும்.

பட்டை முற்றாத இளமரம் என்றால் காயைப் பாருங்கள். இரண்டுக்கும் காயில் ஐந்து இறக்கை உண்டு. காய்ந்த காய் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இறக்கையில் கோடுகள் ஓடுவது தெரியும். தேம்பாவில் இறக்கை அகலம், கோடுகள் நடுவிலிருந்து விளிம்பு வரை கிடையாக நேரே ஓடும். நீர்மருதில் இறக்கை குறுகல், கோடுகள் மேல்நோக்கி வளையும். இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை, நர்சரியில் பெயர்ப்பலகையை நம்புவதைவிட காயை நம்பலாம்.

சரி, எந்த இடத்தில் எதை வைப்பது? குளத்தங்கரை, வாய்க்கால் ஓரம், மழைக்காலத்தில் தண்ணீர் கட்டி நிற்கும் வயல் வரப்பு என்றால் நீர்மருதே பொருத்தம், பெயரே காரணத்தோடு வந்தது. தேம்பாவுக்கு ஈரமும் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கத்துச் சரல் கலந்த செம்மண் மேடுகளில், கொஞ்சம் ஆழத்துக்காவது மண் இருந்தால், நன்றாகவே வரும். வெறும் பாறைமேல் அரை அடி மண் கிடக்கும் பொற்றையில் வைத்து மரத்தைக் குறுக்க வேண்டாம். கடற்கரை மணலுக்கும் இது ஆகாது. வெயில் நேராக விழ வேண்டும், அடர்ந்த ரப்பருக்கு நடுவில் நிழலில் வைத்தால் ஒல்லியாக நீண்டுகொண்டு போய்ச் சாய்ந்துவிடும்.

இன்னொன்று, இது சின்ன மரம் இல்லை. நல்ல இடத்தில் 30 மீட்டர் வரை உயரும், அடிமரம் ஒரு மீட்டர் குறுக்களவுக்குப் போகும். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 8 மீட்டர், முடிந்தால் 10 மீட்டர் தள்ளி வையுங்கள். மின்கம்பிக்குக் கீழே வைக்கவே வேண்டாம், பத்து வருடம் கழித்து மின்வாரியத்துக்காரர் வந்து உச்சியை வெட்டிவிட்டுப் போனால் மரத்தின் வடிவமும் போச்சு, தடியும் போச்சு. கோடையில் இலை முழுக்க உதிரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாசி பங்குனியில் முற்றம் முழுக்க சருகு கிடக்கும், கிணறு பக்கத்தில் இருந்தால் வலை போட வேண்டியிருக்கும். அந்த மொட்டை நாட்களில்தான் பட்டை முழு அழகோடு தெரியும், எனக்கு மரம் அப்போதுதான் அதிகம் பிடிக்கும்.

விதை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு முதலில் எங்கே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போகிறவர்கள் காட்டுக்குள் விழுந்து கிடக்கிற காயைத்தானே எடுக்கிறோம் என்று நினைப்பார்கள். குமரியின் மலைக்காடுகளில் 402 சதுர கிலோமீட்டர் 2008 முதல் வனவிலங்கு சரணாலயம், அங்கிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுத்து வரக் கூடாது. கோயில் வளாகம், சாலையோரம், பழைய விளைகள், தனியார் தோட்டம் என்று வெளியே நிற்கும் மரங்களைத் தேடுங்கள், உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். வனத்துறை நாற்றங்கால்களிலும் விசாரிக்கலாம். விவசாய நிலத்தில் மரம் வைக்கிறவர்களுக்கு உழவன் செயலி வழியாக நாற்று தரும் திட்டமும் இருக்கிறது, தேம்பாவு அந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று வேளாண்மை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

காய் முற்றுவது மாசி முதல் சித்திரை வரை. பச்சை போய் பழுப்பாகி மரத்திலேயே காய்ந்து, காற்றடித்தால் விழும் பருவத்தில் எடுக்க வேண்டும். தாய்மரம் நேராக, கிளை பிரியாமல் உயர்ந்ததாக, பட்டை நன்றாகக் கட்டம் கட்டியதாக இருக்கட்டும். வளைந்து நெளிந்த மரத்தடியில் கிடக்கும் காய் எளிதாகக் கிடைக்கிறது என்று அள்ளி வராதீர்கள், இது பல பத்தாண்டு நிற்கப்போகும் மரம். முடிந்தால் இரண்டு மூன்று மரங்களிலிருந்து கலந்து எடுங்கள்.

இனி ரொம்ப முக்கியமான விஷயம். இந்த மரத்தின் காயில் பாதிக்கு மேல் உள்ளே ஒன்றுமில்லாத பொக்காகவோ, பூச்சி துளைத்ததாகவோ இருப்பது சகஜம். அதனால் ஒரு மரத்துக் காயைக் கூடைக்கணக்கில் அள்ளுவதற்கு முன் பத்துப் பதினைந்து காயை எடுத்து வெட்டுக்கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக, இறுக்கமாகப் பருப்பு இருந்தால் சரி. பெரும்பாலும் ஓட்டையும் தூளுமாக இருந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் நாற்றுக் கவர் நிரப்பி, தண்ணீர் ஊற்றி, ஒன்றும் முளைக்கவில்லை என்று மரத்தைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. எடுத்த காயை நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கலாம், ஆனால் அதே வருடம் விதைத்துவிடுவது நல்லது, நாள் போகப்போக முளைப்பு குறையும்.

விதைப்பதற்கு முன் இறக்கையை ஓரமாக வெட்டிவிட்டு இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மணலும் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்த பாத்தியில் காயைக் கிடையாகப் படுக்க வைத்து, மூடும் அளவுக்கு மட்டும் மண் தூவி, மேலே வைக்கோலோ காய்ந்த ஓலையோ போட்டு, பூவாளியால் ஈரம் காக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் சிலது தலை காட்டும், சிலது ஒன்றரை மாதம் கூட இழுக்கும், அவசரப்பட்டுப் பாத்தியைக் கிளறிவிடாதீர்கள். பாதி முளைத்தால் நல்ல விளைச்சல் என்றே எடுத்துக்கொள்ளலாம். முளை தெரிந்ததும் மூடாக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்டு வெளிறி வளையும்.

விதையிலை விரிந்து அடுத்த இலை வரும் நேரத்தில் கவருக்கு மாற்றுங்கள். இங்கேதான் கவர் தேர்வு. ரோஜாச் செடிக்கு வாங்கும் குட்டைக் கவர் வேண்டாம். தேம்பாவின் ஆணிவேர் ஆரம்பத்திலேயே வேகமாகக் கீழே இறங்கும், குட்டைக் கவரில் அது அடியில் முட்டிச் சுருண்டுவிடும், சுருண்ட வேரோடு நட்ட மரம் மேலே பார்க்க நன்றாக வளர்ந்து ஒரு பெருங்காற்றில் அடிமூட்டோடு சாயும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் ரப்பரும் தென்னையும் வாழையும் கிடந்த கிடையை மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுக்கு மரம் தாங்குவதும் விழுவதும் பெரும்பாலும் மண்ணுக்குள்ளே முடிவாகிற காரியம். குறைந்தது ஓர் அடி உயரக் கவர், பக்கத்திலும் அடியிலும் துளை, அதுதான் என் சிபாரிசு. கவரைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் அடுக்கி மேலே வைத்தால் வேர் வெளியே வந்து மண்ணில் பிடிக்காமல் இருக்கும். ஆரம்ப வாரங்களில் லேசான நிழல், பிறகு மெல்ல மெல்ல முழு வெயில்.

நடும் காலம் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் ஒன்று இல்லை. மேற்கே, குழித்துறை, குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் என்றால் ஒரு வருடம் கவரில் வளர்ந்த கன்றை இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் நட்டுவிடுங்கள். ஜூனில் நட்டால் சாரலும் அதன்பின் ஐப்பசி மழையும் சேர்த்து ஆறு மாதம் தண்ணீர் ஊற்றும் வேலை கிட்டத்தட்ட இல்லை, இரண்டு மழையும் வாங்குகிற நம் மண்ணுக்கு இது பெரிய பாக்கியம். கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் கதை வேறு. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலையைச் சுழற்றும் வேகத்தில் இளங்கன்றையும் உலுக்கி, இலையைக் காயவைத்துவிடும். அவர்கள் புரட்டாசி முடிந்து வடகிழக்கு மழை இறங்கும்போது நட்டு, தை முதல் வைகாசி வரை வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றத் தயாராக இருக்க வேண்டும். கன்றுக்கு மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி ஒன்று வைத்தால் போதும், நிறைய தப்பித்துவிடும்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. சரல் இறுகிக் கிடந்தால் கம்பிப்பாரையால் அடியில் இன்னும் ஓர் அடி குத்தி இளக்கிவிடுங்கள், ஆணிவேருக்கு வழி வேண்டும். மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு மூன்று கை கலந்து நிரப்பினால் போதும், பச்சைச் சாணம் போட்டால் கறையான் வரும். கவரைக் கிழித்து மண்கட்டி உடையாமல் வைத்து, கவரில் இருந்த மட்டத்துக்கே மண் மூட வேண்டும். சுற்றிலும் தேங்காய்க் கதம்பலைக் கவிழ்த்து அடுக்கினால் கோடையில் ஈரம் நிற்கும், களையும் குறையும். கதம்பல் தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

இடைவெளி நோக்கத்தைப் பொறுத்தது. தடிக்காகத் தோப்பாக வைத்தால் 3 மீட்டருக்கு ஒன்று நெருக்கி வைத்து, மரங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு நேராக உயர்ந்தபிறகு வளைந்ததையும் மெலிந்ததையும் களைய வேண்டும். பாதையோரம் அழகுக்காக என்றால் 8 மீட்டர் விடுங்கள், பட்டையைப் பார்க்க வெளிச்சம் உள்ளே வர வேண்டும் அல்லவா.

முதல் மூன்று வருடம் பார்த்துக்கொண்டால் பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். புல்லை மூட்டில் இருந்து இரண்டடி வட்டத்துக்குச் செதுக்குங்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாமல் முள் கட்டுங்கள். உச்சி இரண்டாகப் பிரிந்தால் பலவீனமானதை இளசிலேயே நறுக்கிவிட வேண்டும், பிரிந்த இடத்தில்தான் பிற்காலத்தில் பிளக்கும். பக்கக் கிளைகளைக் கோடையில், இலை இல்லாதபோது, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கழித்துவிடலாம், அதற்கு மேல் வேண்டாம். இலையில் புழு தென்பட்டால் உடனே மருந்தடிக்க ஓடாதீர்கள். ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்தில் டஸ்ஸர் பட்டுப்புழுவை வளர்ப்பதே இந்தத் தேம்பாவு இலையிலும் நீர்மருது இலையிலும்தான், கொஞ்சம் இலை கடிபடுவது இந்த மரத்துக்குப் பெரிய காயம் இல்லை.

பட்டைக்கு வருகிறேன். கன்றுப் பருவத்தில் அது சாதாரணமாகத்தான் இருக்கும், கட்டம் கட்டத் தொடங்க வருடங்கள் ஆகும், பொறுமை வேண்டும். அதை அழகாக்க நாம் எதுவும் செய்ய வேண்டாம், கெடுக்காமல் இருந்தால் போதும். சுண்ணாம்பு அடிக்க வேண்டாம், விளம்பரத் தகடு ஆணியடிக்க விட வேண்டாம், துணி காயப்போடும் கம்பியைச் சுற்றிக் கட்ட வேண்டாம், மரம் பருக்கும்போது கம்பி உள்ளே புதைந்துவிடும். நல்லமிளகு ஏற்றலாமா என்று கேட்பார்கள். சொரசொரப்பான பட்டை, கொடி நன்றாகப் பிடிக்கும், ஆனால் கோடையில் இலை உதிர்ந்து கொடிக்கு நிழல் இல்லாமல் போகும், பட்டையும் மறைந்துவிடும். ஓர் ஓரத்து மரத்தில் ஏற்றிப் பார்க்கலாம், முகப்பில் நிற்பதில் வேண்டாம்.

மருந்துக்கென்று பட்டை உரிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதயத்துக்கு நல்லது என்று சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் பேசப்படுவது பெரும்பாலும் நீர்மருதம்பட்டை. யாரோ சொன்னார்கள் என்று ஆற்றங்கரை மரத்தைச் சுற்றி வளையமாக உரித்துவிடுகிறார்கள். பட்டைக்கு அடியில்தான் இலை செய்த உணவு வேருக்கு இறங்கும் பாதை, முழு வளையமாக உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரம் நின்றபடியே செத்துவிடும். பட்டை வேண்டுமென்றால் வெட்டிய கிளையிலிருந்து எடுங்கள், உட்கொள்வதை வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இதே வகையில் இன்னொரு ஆசை. 2024 மார்ச்சில் ஆந்திராவின் பாபிகொண்டா தேசியப் பூங்காவில் வனத்துறையினர் ஒரு கருமருதின் பட்டையில் வெட்ட, தண்ணீர் பீய்ச்சியடித்த காட்சி எல்லோர் போனிலும் சுற்றியது. கோடைக்காக மரம் தண்ணீர் சேர்த்து வைக்கிறது என்பது அங்கே கோதாவரிப் பக்கத்துக் கொண்டாரெட்டி பழங்குடியினருக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த சங்கதி, அந்தத் தண்ணீருக்குக் கடும் மணமும் புளிப்பும் உண்டு என்கிறார்கள். எல்லா மரத்திலும் இது இருக்காது. உங்கள் மரத்தில் இருக்கிறதா என்று கத்தியைப் போட்டுப் பார்க்காதீர்கள், அந்தக் காயம் வழியாகப் பூஞ்சை ஏறினால் போவது உங்கள் தடி.

தடியைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன், ரப்பர் போல இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டி மாற்றும் கணக்கு இதில் கிடையாது. வைரம், அதாவது உள்ளே இருக்கும் முற்றிய மரம், நன்றாக ஏற பல பத்தாண்டு வேண்டும். அதற்குப் பலன் உண்டு. காய்ந்த தேம்பாவு ஒரு கன அடி சுமார் 24 கிலோ வரும், தேக்கு 18 கிலோ அளவில்தான் நிற்கும், கையில் தூக்கினாலே தெரிந்துவிடும். வைரம் பழுப்பில் தொடங்கிக் கருஞ்சாக்லேட் வரை போகும், நடுவே கரிய வரிகள் ஓடும். உத்தரம், கழுக்கோல் (கூரைச் சாய்மரம்), கட்டளை (கதவு, ஜன்னல் நிலை), படிக்கட்டு, மேஜைப் பலகை எல்லாவற்றுக்கும் ஆகும். வெளிப்புற வெள்ளையைச் சீக்கிரம் பூச்சி அரிக்கும், அதை நீக்கிவிட்டுத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். மண்ணில் நட்டு வைக்கும் தூணுக்கு அயனி (காட்டுப்பலா) அளவுக்கு இதை நம்ப மாட்டேன்.

வெட்டுவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. நம் மாவட்டத்தில் சில நிலங்கள் 1949ஆம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, அங்கே பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அனுமதி இல்லாமல் மரம் வெட்ட முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் சர்வே எண்ணைச் சொல்லி விசாரித்து, தேவையான அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே ஆளைக் கூப்பிடுங்கள். லாரியில் ஏற்றிய பிறகு யோசிப்பது வீண் அலைச்சல்.

தேம்பாவில் ஆசாரிமார் சொல்லும் பெரிய குறை அது காயும்போது வெடிக்கும் என்பது. உண்மைதான், அதற்கு அவசரமே காரணம். மழைக்காலத்தில், காற்றில் ஈரம் இருக்கும்போது, பச்சையாகவே மில்லில் அறுத்துவிடுங்கள், உருண்டையாக வெயிலில் போட்டால் நட்சத்திரமாகப் பிளக்கும். அறுத்த அன்றே பலகைகளின் இரண்டு முனைகளிலும் கெட்டியாகப் பெயின்டோ மெழுகோ பூசுங்கள், ஈரம் முனை வழியாகத்தான் முதலில் ஓடும். கூரைக்குக் கீழே, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், பலகைக்குப் பலகை நடுவே ஓர் அங்குலக் குச்சிகளை ஒரே நேர்கோட்டில் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். காற்று மெல்லப் போக வேண்டும், நேரடி வெயிலும் கடுங்காற்றும் படக் கூடாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுவான கணக்கு, இரண்டங்குலக் கட்டளைப் பலகை என்றால் இரண்டு வருடம் விடுங்கள்.

காய்ந்தபின் உளியும் ரம்பமும் சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், கூலி பேசும்போதே ஆசாரியிடம் இது தேம்பாவு என்று சொல்லிவிடுவது நியாயம். ஆணியை நேராக அடித்தால் வளையும் அல்லது மரம் கீறும், முதலில் ஆணியைவிடக் கொஞ்சம் மெல்லிய துரப்பணத்தால் துளை போட்டுத்தான் இறக்க வேண்டும், பலகை முனைக்கு மிக அருகில் ஆணியோ திருகோ வேண்டாம்.